போன் வைத்திருப்பவர் படியில்தான் வருவார்

அந்த லிப்ட் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் நாலே பேர். நாலு பேருக்கும் பெற்றவர்கள் ஆசை ஆசையாய் வைத்த பெயர்கள் உண்டு. அவை சம்பள நாளன்று வெளியே தலைகாட்டிவிட்டு உடனே உள்ளே போய்விடும். மற்ற நாட்களில் கதவு சரிசெய்கிறவன் கதவு, மின்பலகை பார்க்கிறவன் பட்டன், எண்ணெய் போடுகிறவன் கிரீஸ். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் கயிறு. லிப்டைத் தூக்கி இறக்கும் இரும்புக் கயிற்றில் ஓர் இழை அறுந்திருந்தாலும் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவார். மனுஷனின் முகத்தைப் பார்த்து மனசைச் சொல்லத் தெரியாது, கயிற்றைத் தொட்டால் சொல்லிவிடுவார். அவர் மனசை மட்டும் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.

பட்டறையில் ஒரு போன் இருந்தது. ஊரில் அவர்கள் பராமரிக்கும் எந்த லிப்டில் யார் மாட்டிக்கொண்டாலும் அந்த போனுக்குத்தான் அழைப்பு வரும். அதை வைத்திருப்பவருக்கு இரண்டே சட்டம். ஊரை விட்டுப் போகக் கூடாது. லிப்டில் ஏறக் கூடாது. ஆமாம், லிப்ட் பழுது பார்க்கிறவர் லிப்டில் ஏறக் கூடாது. அவரே உள்ளே மாட்டிக்கொண்டால் அப்புறம் யார் வந்து எடுப்பது? அதனால் மற்ற மூன்று பேரும் ஜம்மென்று லிப்டில் போவார்கள், போன் வைத்திருப்பவர் மட்டும் எத்தனை மாடியானாலும் படியில் மூச்சிரைக்க ஏறி வருவார். அந்த போன் வருஷக்கணக்காகக் கயிற்றின் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவர் கேட்டு வாங்கியதல்ல. முதல் முறை எல்லோரும் சேர்ந்து மலைக்குப் போகலாம் என்று கிளம்பியபோது யாராவது ஒருவர் பின்தங்க வேண்டியிருந்தது. "எனக்கு ஊர் சுத்துறதே ஆகாதுப்பா, வண்டியில ஏறினா வயித்தைப் புரட்டும். நீங்க போயிட்டு வாங்க," என்றார் கயிறு. அவர்களும் நம்பிவிட்டுப் போனார்கள். அடுத்த தடவை யாரும் அவரைக் கேட்கவில்லை. அதற்கடுத்த தடவை கேட்க வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் பயணத்துக்குத் திட்டம் போடுவது யார் என்றால், அதே கயிறுதான். எந்தப் பேருந்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அருவி தெரியும், எந்த விடுதியில் வெந்நீர் வரும் என்று போகாத ஊருக்கெல்லாம் அவ்வளவு கச்சிதமாக வழி சொல்லுவார். "எல்லாம் போன்ல கேட்டதுதான்," என்பார்.

இந்தத் தடவை தீவு. அந்த யோசனை கிரீஸுடையது என்று எல்லோரும் நினைத்தார்கள், கிரீஸும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தான். உண்மையில் பயண ஏஜெண்டின் அலுவலகத்தில் லிப்ட் பார்க்கப் போகும்போதெல்லாம், அங்கே சுவரில் ஒட்டியிருந்த தீவுப் படத்தின் முன்னால் கயிறு தேவைக்கு மேல் நின்றுகொண்டிருப்பார். பச்சைக் கண்ணாடி மாதிரித் தண்ணீர், கரை முழுக்கத் தென்னை, நடுவில் ஒரு படகு, படகில் தூண்டிலோடு நாலைந்து பேர். "இங்கெல்லாம் போனா மீன் பிடிக்கலாம்ல," என்று கிரீஸின் காதில் போட்டு வைத்தார். ஒரே வாரத்தில் கிரீஸ் பட்டறைக்கு ஓடி வந்து, "டேய், ஒரு சூப்பர் ஐடியா," என்று ஆரம்பித்தான். கயிறு ஒன்றும் தெரியாதவர்போல, "அட, நல்லாத்தான் இருக்கு," என்றார்.

முதலாளி மூன்று நாள் விடுமுறைக்குத் தலையாட்டியதும் பட்டறையில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. கயிற்றுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம். தீவுப் படகுக்காரரைப் போனில் பிடித்து, எந்த மாதம் அலை அடங்கும், எந்த மீன் எந்த இரைக்கு வாய் திறக்கும், காலையில் வலப்பக்கம் வெயிலா இடப்பக்கம் வெயிலா என்று குடைந்து எடுத்தார். படகுக்காரர் பொறுமைசாலி. வேறு ஆளாக இருந்தால் எண்ணையே மாற்றியிருப்பார்.

ஒருநாள் காலை மற்றவர்கள் வந்து பார்த்தால், பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால் ஒரு படகு வரையப்பட்டிருந்தது. முழு அளவு. படகுக்காரரிடம் நீள அகலம் கேட்டு, அளவு நாடா வைத்துக் கயிறு வரைந்திருந்தார். "கதவு, நீ இங்க. பட்டன் அந்தப் பக்கம். கிரீஸ் பின்னாடி, என்ஜின்கிட்ட. எழுந்து நடக்கணும்னா நடுவுலதான் நடக்கணும், ஓரத்துல காலை வச்சா படகு சாயும்." அன்று முதல் மதியச் சாப்பாடு படகுக்குள்தான். யாராவது கோட்டைத் தாண்டிக் காலை நீட்டினால், "தண்ணியில விழுந்துட்டாண்டா," என்று மற்றவர்கள் கத்துவார்கள். கணக்குப் பார்க்க வந்த முதலாளி கடலின் நடுவே நின்றுகொண்டிருக்கிறார் என்று தெரியாமலே திட்டிவிட்டுப் போனார். படகின் முன்பக்கம் மட்டும் காலியாக இருந்தது. கயிறு வெளியே எண்ணெய்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்.

பின்கட்டில் லிப்டைச் சோதித்துப் பார்க்கும் உயரமான கூண்டு ஒன்று உண்டு. அது தூண்டில் பயிற்சிக்கு வசதியாகப் போயிற்று. மேலே நின்று ஒருவன் நூலை இறக்குவான், கீழே பட்டன் மீனாக இருந்து இழுப்பான். கயிறு நூலை விரலில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "இப்ப கடிக்கல, சும்மா தொட்டுப் பாக்குது. விடு. விடு. இப்ப இழு." கீழே பட்டன் அசந்து போவான். இரண்டு வாரத்தில் அவர்கள் பிடித்தது ஓர் எண்ணெய் டப்பா, பட்டனின் செருப்பு, பட்டனின் சட்டைக் காலர். ஆனாலும் கிரீஸ் தன் மாமனாரிடம் சுறா கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டான்.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே அண்ணே, நீங்க மட்டும் வந்தா எப்படி இருக்கும்," என்று கதவு ஒரு தடவை சொன்னான். அது கேள்வி அல்ல, பேச்சுக்குச் சொன்னது. சொல்லிவிட்டு நூலைச் சுற்றப் போய்விட்டான். கயிற்றுக்கு வர வேண்டும் என்று உயிரே போகிற மாதிரி ஆசை. அதை ஒரு வார்த்தை வெளியே சொல்ல நாக்கு எழவில்லை. எத்தனையோ வருஷமாக ஊர் சுற்றப் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், திடீரென்று எந்த முகத்தோடு கேட்பார்?

வீட்டில் அந்த வேஷம் எடுபடவில்லை. ஒரு மாலை, தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ள நாடா வைத்த பெரிய விளிம்புத் தொப்பி ஒன்றை வாங்கி வந்து, மனைவி பார்க்காத நேரமாகப் பரணில் ஒளித்து வைத்தார். அவள் பார்க்காத நேரம் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது.

"யாருக்குத் தொப்பி?"

"பசங்களுக்கு."

"மூணு பேருக்கு ஒரு தொப்பியா? ஆளுக்குக் கொஞ்ச நேரம் போட்டுக்குவாங்களோ?"

கயிறு கைகழுவப் போய்விட்டார்.

"வாயைத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்," என்றாள் அவள் பின்னாலேயே வந்து. "நானும் வரேன்டான்னு சொல்ல இவ்வளவு கஷ்டமா?"

"போனை யாரு வச்சுக்கறது?"

முதலாளிக்கு லிப்டில் பொத்தானை அழுத்துவதற்கு மேல் எதுவும் தெரியாது. வெளி ஆள் என்றால், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு லிப்ட் பட்டறை இருந்தது. அதை நடத்தியவள் எதிர்க்கடை அக்கா. தொழிலில் கெட்டிக்காரி. ஆனால் என்றைக்கோ ஒரு கட்டடத்து வேலையை இவர்களிடமிருந்து அவர்கள் தட்டிப் பறித்தார்கள், பதிலுக்கு இவர்கள் ஒன்றைப் பறித்தார்கள். அதோடு பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு கடையும் முகத்துக்கு முகம் பார்த்தபடி, முகம் கொடுக்காமல் இருந்தன.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. புதுக் கயிறு மாட்டியாயிற்று. லிப்டுக்குள் இரும்புக் கட்டிகளை அடுக்கி, தாங்க வேண்டிய முழுப் பாரத்தையும் ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிச் சோதித்தாயிற்று. அருமையாக ஓடியது. அந்தச் சோதனைக்காகப் பட்டன், பாரம் மிஞ்சினால் கத்துகிற கருவியின் இணைப்பைக் கழற்றி வைத்திருந்தான். இனி இணைப்பைத் திரும்ப மாட்டி, கட்டிகளை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் பேச்சு அப்போது மீனைப் பற்றி நடந்துகொண்டிருந்தது. "பெரிய மீன் மாட்டிச்சுன்னா உடனே இழுக்கக் கூடாது," என்று கயிறு ஒரு துண்டுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு காட்டினார். "அது ஓடட்டும். நீயும் கூடவே போகணும். இப்படி, இப்படி..." என்று சொல்லிக்கொண்டே மீனோடு மீனாக லிப்டுக்குள் போனார். அண்ணன் போகிறாரே என்று மூன்று பேரும் வாயைப் பிளந்தபடி பின்னாலேயே ஏறினார்கள். யாரோ கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினார்கள். கதவு மூடியது. கருவி கத்தவில்லை, கத்தவிடாமல் செய்தவன் உள்ளே மீன் கதை கேட்டுக்கொண்டிருந்தான்.

லிப்ட் கொஞ்சம் இறங்கியது. பிறகு வழுக்கியது. அடுத்த நொடி, நழுவினால் பிடித்து நிறுத்துவதற்காக அடியில் இருந்த பிடிப்பான் பக்கவாட்டுத் தண்டவாளத்தை நறுக்கென்று கவ்விக்கொள்ள, லிப்ட் குலுங்கி நின்றது. விளக்கு மட்டும் எரிந்தது.

நாலு பேரும் முதலில் காலடியில் இருந்த இரும்புக் கட்டிகளைப் பார்த்தார்கள். பிறகு பட்டன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு எல்லோருடைய கண்ணும் ஒரே சமயத்தில் கயிற்றின் சட்டைப் பைக்குப் போயிற்று. அதற்காகவே காத்திருந்ததுபோல போன் அடித்தது.

கயிறு எடுத்தார்.

"ஹலோ, லிப்ட் பட்டறையா? வாட்ச்மேன் பேசறேன். இங்க லிப்ட் பாதியில நின்னுபோச்சு."

"பயப்படாதீங்க," என்றது கயிற்றின் வாய், பழக்கதோஷத்தில். "உள்ளே ஆள் இருந்தா நிதானமா இருக்கச் சொல்லுங்க. நான் இதோ கிளம்பிட்டேன்."

"சார், உங்க குரல் எனக்கு ரெண்டு தடவை கேக்குதே."

கிரீஸ் சிரிப்பை அடக்க முடியாமல் ஓர் இரும்புக் கட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். லிப்டுக்குள்ளிருந்து மேல்மூடியைத் திறக்க முடியாது, வெளியிலிருந்துதான் திறக்கும். அதைப் பொருத்தியவர்களே அவர்கள்தான். வேறு வழியில்லை. எதிர்க்கடைப் பலகையை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அந்த எண் கயிற்றுக்கு மனப்பாடமாகியிருந்தது. போட்டார்.

"யாரு?"

"நான்தான். எதிர்ல."

"சொல்லுங்க."

"அந்த ஆறு மாடிக் கட்டடத்து லிப்ட்ல மாட்டிக்கிட்டோம்."

"யாரு?"

"எல்லாரும்."

"போன்?" என்றாள் எதிர்க்கடை அக்கா. அந்தச் சட்டம் அவளுக்கும் தெரியும்.

"அதுவும்தான்."

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு இங்கே வரை வந்தது. "இதோ வரேன்," என்றாள் கடைசியில்.

அவள் வரும்வரை கட்டிகள்மேல் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அப்போது கயிற்றின் சொந்த போன் அடித்தது. படகுக்காரர். கதவு வெடுக்கென்று பிடுங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"நாளைக்கு வந்துடறீங்கல்ல? கடல் குளம் மாதிரி கிடக்கு," என்றார் படகுக்காரர். மூன்று பேரும் ஓவென்று கூச்சல் போட்டதில் லிப்டே அதிர்ந்தது. "நாலு பேருக்கும் மிதவைச் சட்டை எடுத்து வச்சிட்டேன். அப்புறம், ஒருத்தருக்கு முன்னாடிதான் உக்காரணும், அவரு கடலையே பார்த்ததில்லன்னு அத்தனை தடவை சொன்னீங்களே, அந்த இடத்துக்குப் புதுசா மெத்தை போட்டிருக்கேன். அவர்கிட்டச் சொல்லிடுங்க."

கதவு போனை அணைத்தான். கூச்சல் அடங்கிவிட்டது.

"நாலு பேரா?" என்றான் பட்டன். "நாங்க மூணு பேர்தானே. நாலாவது யாருண்ணே? முதலாளியா?"

கயிறு சுவரைப் பார்த்தார். எழுந்து போகலாம் என்றால் படி இல்லை.

"நான்தான்," என்றார்.

மூன்று பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"எத்தனை பேருன்னு அவர் கேட்டார். நாலுன்னு வாய் சொல்லிடுச்சு. திருத்திடலாம்னு பார்த்தேன், மனசு வரல. கிளம்பற அன்னிக்கு ஒருத்தர் வரலன்னு சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். அதுவரைக்கும் படகுல எனக்கு ஒரு இடம் இருக்கட்டுமேன்னு. எனக்கும் வரணும்னு ஆசைடா. இன்னிக்கு நேத்து ஆசை இல்ல. நீங்க முதல்ல மலைக்குப் போனீங்களே, அப்பலேர்ந்து."

"நீங்கதானேண்ணே வயித்தைப் புரட்டும்னு சொன்னீங்க," என்றான் கதவு.

"சொன்னேன். அப்ப உன் பொண்ணு கைக்குழந்தை, எங்கேயாவது கூட்டிட்டுப் போன்னு உன் வீட்டுல சண்டை. யாராவது ஒருத்தர் இருந்துதானே ஆகணும். ஒரே ஒரு தடவை சொன்னேன்டா. நீங்க அப்புறம் கேக்கவே இல்ல."

கதவு தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

"நான் இருந்துக்கறேன்," என்றான் பட்டன். "தப்புப் பண்ணினவன் நான்தான்." "நான் இருக்கேன்," என்றான் கிரீஸ். "நீ இருந்தா உன் மாமனாருக்குச் சுறாவை யாரு கொடுக்கறது?" என்றார் கயிறு. அவர்களில் ஒருவனை விட்டுவிட்டுப் போக அவருக்கும் மனமில்லை. அவர்களோடு போவதுதானே அவர் ஆசையே.

அதற்குள் மேலே இயந்திர அறையில் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. கவ்விய பிடிப்பான் விட வேண்டுமானால் லிப்டைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். இவ்வளவு பாரத்தோடு அது லேசான காரியமில்லை. கயிறு உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். "அவசரப்படல. நல்லாத் தூக்கறாங்க," என்றார் மெல்ல. எதிர்க்கடையைப் பற்றி அந்தப் பட்டறையில் யாரும் நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை.

லிப்ட் கதவு திறந்தபோது ஐந்தாம் மாடியில் எதிர்க்கடை அக்கா நின்றிருந்தாள். கன்னத்தில் எண்ணெய்க் கறை. உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆட்களைப் பார்த்தாள், இரும்புக் கட்டிகளைப் பார்த்தாள்.

"நாளைக்குப் படகுல போறீங்கன்னு தெருவெல்லாம் பேச்சு," என்றாள். "மானம் இன்னிக்கே கப்பல் ஏறிடுச்சு."

கயிறு சிரித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதவு முந்திக்கொண்டான். "அக்கா, ஒரு உதவி. மூணே மூணு நாள். எங்க போனை நீங்க வச்சுக்கறீங்களா? அண்ணனும் எங்ககூட வரணும்."

எதிர்க்கடை அக்கா கயிற்றைப் பார்த்தாள். பிறகு தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு போனை எடுத்துக் காட்டினாள். "எங்க கடையிலயும் இப்படி ஒண்ணு இருக்கு. அது யார்கிட்ட இருக்குன்னு நினைக்கிறீங்க? போன வருஷம் என் ஆளுங்க எல்லாரும் அருவிக்குப் போனாங்க. எனக்குக் குளிர் ஆகாதுன்னு சொல்லிட்டேன்." கையை நீட்டினாள். "கொடுங்க. அடுத்த மாசம் என்னுதை நீங்க வாங்கிக்கணும்."

கயிறு போனை எடுத்தார். நீட்டினார். பிடியை விடவில்லை. "பயண ஆபீஸ் லிப்ட்ல ரெண்டாம் மாடிக் கதவு கொஞ்சம் மக்கர் பண்ணும். அப்புறம் பேங்க் கட்டடத்துல ஒரு ரிட்டையர்டு டீச்சர் வருவாங்க, மாட்டிக்கிட்டா ரொம்பப் பயப்படுவாங்க. அவங்க பூனையைப் பத்திக் கேளுங்க, நாம போய்ச் சேர்ற வரைக்கும் அதையே பேசிட்டிருப்பாங்க."

"கேக்கறேன். விடுங்க."

விட்டார்.

இரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். பட்டன் கருவியின் இணைப்பை மாட்டினான், இரண்டு தடவை சரிபார்த்தான். எல்லாம் முடிந்ததும் கயிறு வழக்கம்போலப் படிப்பக்கம் நடந்தார். "அண்ணே, எங்க போறீங்க?" என்றான் கிரீஸ். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தட்டையாக இருந்தது. எதிர்க்கடை அக்கா இரண்டு போன்களோடு அவரைத் தாண்டிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கயிறு திரும்பி வந்து லிப்டில் ஏறினார். பட்டறைக்குப் போனதும் பையன்கள் அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாக்குக்கட்டிப் படகின் முன்பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பரணிலிருந்து தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டிக்கொண்டார். மனைவி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள்.

"போறேன்," என்றார். "நாளைக்குக் காலையில. பை கட்டணும்."

"கட்டி வச்சிருக்கேன். கட்டிலுக்கு அடியில பாருங்க."

"எப்போ?"

"நீங்க தொப்பி வாங்கிட்டு வந்த அன்னிக்கு."

கயிறு குனிந்து பார்த்தார். அவருடைய சட்டைகள், துண்டு, தலைவலி மருந்து, எல்லாம் மடித்து வைத்த மேனிக்கு இருந்தன. "நான் போகாம இருந்திருந்தா?"

"பிரிச்சு வச்சிருப்பேன்," என்றாள் அவள். "பசங்க கிளம்பற ஒவ்வொரு தடவையும் கட்டறேன், பிரிக்கறேன். எனக்கு அது பழகிப்போச்சு. இந்தத் தடவை ஒரு வேலை மிச்சம்."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"சாப்பாடு எடுத்து வச்சாச்சு, தொப்பியைக் கழட்டிட்டு வாங்க," என்றாள் மனைவி.

அவர் கழற்றாமலே வந்து உட்கார்ந்தார். அவளும் தொப்பி விளிம்பில் இடிக்காமல் குனிந்து பரிமாறினாள்.